எட்டாத இடத்துக் காரை

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறிப் போன பிறகு பட்டணத்துப் பக்கம் வந்து, பழைய வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்து, பிறகு அதையே வாங்கிக்கொண்டவர். முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி செய்து விற்கிறார். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம்தான் அவருக்கு ஆண்டு வருமானத்தில் பாதி.

அந்த வீட்டின் அடுப்பங்கரையில் முன்னாள் சொந்தக்காரர் கட்டிய பெரிய விறகடுப்பு இருக்கிறதாம். கேஸ் விலையை எண்ணிப் பார்த்து, பெரிய சட்டியில் எண்ணெய் காய்ச்சும் நாட்களில் மட்டும் அதை மூட்டுகிறார். அடுப்புக்கு மேலே செங்கல் புகைபோக்கி. இந்தப் புகைபோக்கிதான் இப்போது வம்பு. மேல்வழியாகப் போக வேண்டிய புகையில் கொஞ்சம் நடுவழியில் செங்கல் இடுக்குகளில் கசிந்து, அடுத்த வீட்டுச் சுவரிலுள்ள காற்றுத் துளைகள் வழியே உள்ளே போகிறது. அடுத்த வீட்டு மக்சிக் நல்ல மனுஷி. பலகாரத் தட்டும் நோன்புக் கஞ்சியும் ஆண்டாண்டாகக் கைமாறும் வீடு அது. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைக்கு இழுப்பு. "பிள்ளை ராத்திரி முழுக்க மூச்சு வாங்குது என்று மக்சிக் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஒரு குத்தகைக்காரர் வந்து பார்த்தாராம். மூன்று பக்கம் பூசிவிடலாம், நான்காவது பக்கம் முடியாது, முழுவதையும் இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்காவது பக்கம்தான் அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டியது. இடைவெளி நான்கு விரற்கடை. கை நுழையும், ஆனால் கையில் கரண்டி இருந்தால் திரும்பாது. வீட்டுக்காரர், 'நானே கூரையில் ஏறி மேலிருந்து சிமிண்டைக் கரைத்து ஊற்றிவிடுகிறேன்' என்று நிற்கிறாராம். "அவர் ஏறுவதற்குள் பதில் போடுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, முதலில் ஏணியை எடுத்து உள்ளே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

சிமிண்டைக் கரைத்து ஊற்றுவது என்ற யோசனை உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் வந்ததல்ல. எனக்கும் ஒருகாலத்தில் வந்தது. எங்கள் பழைய வீட்டுப் பின்சுவரில் காரை உதிர்ந்தபோது, இருப்பதிலேயே கெட்டியான பொருள் சிமிண்டுதானே என்று நல்ல திடமாகக் குழைத்து இடுக்கெல்லாம் அடைத்தேன். பார்ப்பவர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. நான் வைத்த சிமிண்டு கல்லைப் போல அப்படியே நின்றது. அதைச் சுற்றியிருந்த செங்கற்களின் முகம் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. சட்டம் இருக்கிறது, உள்ளே இருந்த கண்ணாடி போய்விட்டது என்பதைப் போல.

அப்போது பழைய கொத்தனார் ஒருவர், எங்கள் ஊர்ப் பெரியவர், வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, செங்கலைவிடக் காரை இளைத்தவனா இருக்கணும். மழைத்தண்ணி எந்த வழியா உள்ளே போனாலும் காரை வழியாத்தான் வெளியே வரணும். நீ அந்தக் கதவைப் பூட்டிட்டே. தண்ணி செங்கல் முகத்தை உடைச்சிக்கிட்டு வருது" என்றார். அதற்குமேல் ஒரு வரி விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை, தேவையும் படவில்லை. தண்ணீரோடு கரைந்து வரும் உப்பு செங்கலின் மேற்பரப்புக்குள் படிந்து, காயும்போது பருத்துச் செங்கலைப் பொரித்துவிடுகிறது. காரை இளகியதாக இருந்தால் அந்த உப்பு காரையில் படியும். சில பத்து ஆண்டுகளில் காரை உதிரும், மறுபடி வைத்துக்கொள்ளலாம். செங்கல் போனால் திரும்பி வராது.

இன்று நாம் சிமிண்டு என்று சொல்லும் பொருளுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை வாங்கியது 1824-ல். அது நம் பக்கம் எல்லார் கைக்கும் வந்து சேர இன்னும் எத்தனையோ காலம் ஆயிற்று. அதற்கு முன் கட்டியதெல்லாம் சுண்ணாம்பில்தான். ஜார்ஜ் டவுனில் 1818-ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் 1856-ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்புறப் பூச்சும் இந்தியக் கைதிகள் கைவேலைதான். அதை 'மதராஸ் சுண்ணாம்பு' என்றே சொன்னார்கள். அந்தக் கைதிகளை மேற்பார்த்த அதிகாரி மெக்நேர் 1899-ல் எழுதிய புத்தகத்தில் அதன் பக்குவம் இருக்கிறது: முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அடித்து, மணல் சேர்க்காத சுண்ணாம்போடு கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைப்பது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அதே வழி வந்த கைப்பக்குவம்தான். நம்மவர் தொழில் என்று சொல்லிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? ஜார்ஜ் டவுன் 2008-ல் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய பிறகு, அங்கே பழைய கடைவீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் மறுபடி சுண்ணாம்பைத் தேடிப் போகிறார்கள்.

புகைபோக்கியும் நமக்குப் புதிதல்ல. நிபோங் திபால், பத்து காவான் பக்கத்தில் ரப்பர் வருவதற்கு முன்னால் கரும்புத் தோட்டங்கள்தான் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் நம் மக்களைக் கப்பலேற்றி இறக்கியதே அந்தத் தோட்டங்களுக்கு. கரும்புச் சாறு காய்ச்சிய ஆலைகளில் புகைபோக்கி நின்றது. பிறகு ரப்பர் ஷீட்டுக்குப் புகை காட்டும் கூடங்கள். பட்டர்வொர்த்திலேயே 1902 முதல் ஈயம் உருக்கும் ஆலை நடந்தது. அந்தப் புகைக்கூடத்தில் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், புகை எந்த இடுக்கில் கசிந்தாலும் அது வீணாகப் போகும் சூடு என்று சொல்வார்கள். வீட்டில் அது அதற்கும் மேலே.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புகை கண்ணைக் கரிக்கிறது, துணியில் நாறுகிறது என்பதோடு போவதில்லை. விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் சேர்ந்தால் தலைவலியும் மயக்கமும் வரும், ஆளையும் கொல்லும். வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வரும் புகை 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் சாவுக்குக் காரணமாக இருந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மக்சிக்கின் பேரப்பிள்ளைக்கு இழுப்பு வந்தது உங்கள் புகையால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இழுப்புள்ள பிள்ளைக்குப் புகை ஆகாது என்பதில் சந்தேகமில்லை. ஆகவே வேலை முடியும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள். நஷ்டம்தான், தெரிகிறது. இரண்டு மாதம் கேஸ் அடுப்பில் சின்னச் சட்டியாக வைத்து ஓட்டுங்கள்.

இடுக்கு வழியே போவது புகை மட்டுமா? பொறியும் போகும். புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில் மரச்சட்டம் ஒட்டியிருந்தால், அங்கே காரை உதிர்ந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அடுத்தது கூரை. பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த கூரைத் தகடு இருக்கக்கூடும். அது பார்க்கக் கல் மாதிரி இருக்கும், கால் வைத்தால் முறியும். உடைத்தாலும் துளைத்தாலும் அதன் தூசு நுரையீரலுக்கு எமன். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். கூரைமேல் செய்ய வேண்டிய வேலையைக் கூரை வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடலாம். கீழே நின்று செய்யக்கூடியதே நிறைய இருக்கிறது.

எங்கே கசிகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் புகை போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அடுப்பு நன்றாக ஆறியபின், இருட்டிய பிறகு, நல்ல வெளிச்சமுள்ள டார்ச் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி அடுப்புவாய் வழியே குச்சியால் உள்ளே உயர்த்துங்கள். வெளியே ஒருவர் நின்று பார்த்தால், உதிர்ந்த இடுக்குகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். பின்பக்கம் பார்க்க, ஒரு கைக்கண்ணாடியை நீளக் குச்சியில் சாய்த்துக் கட்டி அந்த நான்கு விரல் இடைவெளிக்குள் விடுங்கள். கண்ட இடத்தையெல்லாம் எத்தனையாவது வரிசைச் செங்கல் என்று எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல் வரிசை எண்ணுவது நிச்சயம், கண்மட்டம் நிச்சயமில்லை.

குறிக்கும்போதே இன்னொன்றும் பார்க்க வேண்டும். புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, செங்கலே அசைகிறதா, மேலிருந்து கீழாக ஒரே கோடாக விரிசல் ஓடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு விவரமுள்ள கட்டடக்காரரைக் கூப்பிடுங்கள். அப்போது அந்தக் குத்தகைக்காரர் சொன்னதே சரியாக இருக்கலாம். செங்கல் உறுதியாக நின்று காரை மட்டும் உதிர்ந்திருந்தால்தான் இது வீட்டு வேலை.

அடுத்து, கரி எடுப்பது. உள்ளே படிந்த கரியும் தாரும் இருக்கும்வரை புதுக் கலவை பிடிக்காது. அந்தத் தார் தானே தீப்பிடிக்கும் சாமான், பச்சை விறகு எரித்தால் அது இன்னும் அதிகம் சேரும். தென்னங்குச்சி விளக்குமாற்றை மூங்கிலில் இறுக்கிக் கட்டிக் கீழிருந்து மேலாகத் தேய்த்து இறக்குங்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு வேண்டும். பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

இனி பழைய காரையைச் சுரண்டுவது. மக்கள் அவசரப்படுகிற இடம் இதுதான். உதிர்ந்த காரைமேலேயே புதுக் கலவையைத் தடவினால் அது அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரு வெயிலில் கழன்று விழும். இடுக்கின் அகலம் அரை அங்குலமென்றால் ஆழம் ஓர் அங்குலமாவது சுரண்ட வேண்டும். அதாவது அகலத்தைப்போல் இரண்டு பங்கு. சுத்தியலும் உளியும் வேண்டாம், அந்த அதிர்ச்சியில் நல்ல இடுக்கும் விட்டுப்போகும். இரும்பு அறுக்கும் பழைய ரம்பத் தகடு ஒன்று போதும். எட்டாத பின்பக்கத்துக்கு, விரல் மொத்தத்துக்குக் குறைவான இரும்புக் கம்பி இரண்டரை அடி நீளத்தில் எடுத்து, நுனியைப் பட்டறையில் காய்ச்சித் தட்டையாக அடித்து, கடைசி ஓர் அங்குலத்தை மடக்கிக் கொள்ளுங்கள். கொக்கி மாதிரி. அதை இடைவெளியில் பக்கவாட்டில் விட்டு இழுத்தால் காரை பொடியாகக் கொட்டும். இதே மாதிரி இன்னொன்று, நுனி மழுங்கலாக, அடைப்பதற்கு. ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி என்று எட்டும். ஒரே நாளில் முழுவதையும் சுரண்டிப் போடாதீர்கள். மூன்று நான்கு வரிசை சுரண்டி, அடைத்து, பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காலி செய்தால் செங்கல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கலவைக்கு வருவோம். கடையில் பையில் விற்கும் கட்டடச் சுண்ணாம்பு, மலாய்க் கடைக்காரரிடம் 'கப்பூர்' என்று கேட்டால் கிடைப்பது, ஏற்கெனவே நீற்றிய மாவு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே குடும்பம்தான். கடற்கரையில் அள்ளிய மணல் வேண்டாம், உப்பு இருக்கும். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துச் சலிக்க வேண்டும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. நம் மழைக்கும் வெளிப்புறத்துக்கும் செங்கல் பொடி அரைப் பங்கு சேர்த்துக்கொள்ளலாம். நம்மூரில் இதைச் சுர்க்கி என்பார்கள். நன்கு இடித்து மைபோலச் சலித்த செங்கல் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும், வெறும் சுண்ணாம்பு காற்றுப்பட்டுத்தான் இறுகும். கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் மாளிகைக்கு. புகைபோக்கிக்கு வேண்டாம், முட்டையை ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள்.

சுண்ணாம்பு மாவை முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து, கூழாகிய பிறகு மணலோடு சேர்த்து அடித்து அடித்துக் குழைக்க வேண்டும். தண்ணீர் கூடக்கூடக் காய்ந்தபின் வெடிப்பு கூடும். உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், அதிரச மாவைவிடச் சற்று இறுக்கம். உங்களுக்குப் பதம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கையால் பிசைய வேண்டாம். சுண்ணாம்பு தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீற்றாத சுண்ணாம்புக் கல் எங்காவது கிடைத்தால் வாங்கவே வாங்காதீர்கள். அதில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும்.

ஒரே ஒரு இடத்தில் சுண்ணாம்பு உதவாது. நெருப்பு நேராக நக்குகிற அடுப்புவாயைச் சுற்றிய செங்கல்களுக்குச் சுண்ணாம்பும் சிமிண்டும் நிற்கா. சூட்டில் மாவாகிப் போகும். அங்கே சூளைக்குப் பயன்படும் தீக்களிமண் கலவையை வாங்கி வைக்க வேண்டும். நம் பாட்டிமார் அடுப்புக்குக் களிமண் பூசியது வழக்கத்துக்காக மட்டுமல்ல.

இப்போது கேள்வியின் முடிச்சு: எட்டாத பக்கத்தில் கலவையை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? கைக்கு எட்டும் மூன்று பக்கங்களுக்கு ஜாங்கிரி பிழிகிற வழிதான். கெட்டியான பிளாஸ்டிக் பையில் கலவையைப் போட்டு, மூலையை விரலளவு வெட்டி, இடுக்கின் அடிவரை நுனியை விட்டுப் பிழிந்துகொண்டே வெளியே வர வேண்டும். இதற்கு மட்டும் கலவை சற்று இளக்கமாக இருக்கலாம். பின்பக்கத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு அங்குல அகலத்தில் மூன்றடி நீளச் சட்டம் ஒன்றின்மேல் கலவையை வரிசையாக வைத்து, இடுக்குக்குச் சற்றுக் கீழே செங்கலோடு ஒட்டினாற்போல் உள்ளே நீட்டி, மழுங்கிய கொக்கிக் கம்பியால் சட்டத்தின் மேலிருந்து இடுக்குக்குள் தள்ளுவது. பழைய கொத்தனார்கள் செய்வது இதுதான். படுக்கை இடுக்குகளுக்கு இது போதும்.

செங்குத்தான சிறு இடுக்குகளுக்கு முறுக்கு அச்சின் வேலை. முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய் இரண்டரை அடி. ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்துவிட்டு, அந்த முனைக்கு ஓர் அங்குலம் முன்னால் பக்கவாட்டில் ஒரு வாய் வெட்ட வேண்டும். மறுமுனை வழியே கலவையை நிரப்பி, துணி சுற்றிய கழியால் தள்ளினால், கலவை பக்கவாட்டு வாய் வழியே வெளிவரும். மாவு மணலாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். ஆகவே மணலை இடியாப்ப மாவு சலிக்கிற கண்ணளவு சல்லடையில் சலித்து, முதலில் இரண்டு செங்கலை முற்றத்தில் வைத்துப் பழகிப் பாருங்கள். பழகாமல் நேரே போனால் பாதிக் கலவை இடைவெளிக்குள் விழுந்து கிடக்கும், எடுக்க வழியிருக்காது. (பலகார அச்சையே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.)

வைப்பதற்கு முன்னால் இடுக்கை நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள ஈரத்தை ஒரே மடக்கில் குடித்துவிடும், சுண்ணாம்பு இறுகாமல் மாவாக நின்றுவிடும். தண்ணீர் தெளிக்கும் சிறு பம்பு ஒன்று புதிதாக வாங்குங்கள். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பழைய பம்பு வீட்டில் கிடந்தால் அதைத் தொடாதீர்கள், எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி. ஆழமான இடுக்கை ஒரே தடவையில் அடைக்க வேண்டாம். அரை அங்குலம் வைத்து, பெருவிரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழுகிற அளவு இறுகியபின் அடுத்த அடுக்கு. முடித்தபின் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒருவாரமாவது காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். நேர் வெயிலும் ஆகாது, அடைமழையும் ஆகாது. நம் பினாங்குப் பக்கத்தில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. தைப்பூசத்தையொட்டி வைத்துக்கொண்டால் வேலை நிற்கும்.

உள்ளிருந்து அடைக்கிற வழி ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புகைபோக்கி வளைவில்லாமல் நேராக இருந்தால், உள்வாய் அளவுக்கு வைக்கோல் திணித்த சாக்குப் பந்து ஒன்றைக் கயிற்றில் இறக்கி, அதன்மேல் இளகிய கலவையை ஊற்றி மெல்ல மேலே இழுப்பார்கள். பந்து கலவையை நான்கு சுவரிலும் அழுத்திக்கொண்டே வரும். ஆனால் இதை மேலிருந்துதான் செய்ய முடியும். அதற்குச் சாரம் கட்டிய ஆள் வேண்டும். உச்சியிலும் கூரையைத் துளைக்கும் இடத்திலும் வேலைக்கு ஆளைக் கூப்பிடும் அன்றே இதையும் சேர்த்துச் செய்துகொண்டால் ஒரே கூலியாகப் போகும். அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: சுண்ணாம்புக் கலவைதான், சிமிண்டு வேண்டாம். முகத்தைச் சுளிப்பார். சுளித்தாலும் செய்வார்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை நான் கடைசியில் சொல்கிறேன். மக்சிக் வீட்டுக்கு ஒரு நடை போய், 'இந்த நாட்களில் வேலை நடக்கும், தூசு வரும், காற்றுத் துளைகளை மூடிவைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த இடைவெளியின் மறுவாசல் அவர்கள் கொல்லைப்பக்கம்தானே? அவர்கள் விடாமல் பாதி இடுக்கு எட்டாது.

இந்தப் பதிலை நான் முதலில் தபாலில்தான் அனுப்பினேன். பத்திரிகையில் வருவதற்குள் சகோதரியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. ஏணி உள்ளே போய்விட்டதாம். கொக்கிக் கம்பியைப் பட்டறைக்காரர் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தாராம். வீட்டுக்காரர் இந்தப் பக்கம், மக்சிக்கின் மருமகன் அந்தப் பக்கம் நின்று பின்சுவரில் பதினேழு வரிசை முடித்திருக்கிறார்கள். குழாய் முதல்நாள் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. "மணலை இன்னொரு தடவை சலித்தேன், பிறகு நூல் மாதிரி வந்தது" என்று எழுதியிருக்கிறார். உச்சி வேலைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. 'எப்போது அடுப்பை மூட்டலாம்?' என்பதுதான் இந்தமுறைக் கேள்வி.

உச்சி வேலையும் முடிந்து மூன்று வாரமாவது ஆகட்டும். அதன்பிறகு முதல்நாள் காய்ந்த தென்னம்பாளை இரண்டு, அவ்வளவுதான். மறுநாள் சற்றுக் கூட. ஒரு வாரத்துக்குச் சின்னச் சின்ன நெருப்பாக மூட்டி உள்ளீரத்தை மெல்ல இழுக்க வேண்டும். எடுத்தவுடனே பெருநெருப்பு வைத்தால் ஈரம் ஆவியாகிக் கலவையைப் பிளந்துகொண்டு வரும். அந்த வாரத்தில் ஒரு நாள் இருட்டியபின் மறுபடி டார்ச்சை உள்ளே உயர்த்தி, இந்தமுறை மக்சிக் வீட்டுக் கொல்லையில் நின்று பாருங்கள். எங்காவது ஒரு நட்சத்திரம் மிச்சமிருந்தால் அந்த வரிசையை எண்ணிக் குறித்துக்கொண்டு, குழாயைக் கழுவாமல் வைத்திருங்கள் என்று சொல்லமாட்டேன். குழாயைக் கழுவித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் இறுகிவிடும்.